டீச்சரின் கணுக்கால்

ஜூலை 3, வியாழன்

வீட்டுத் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அண்ணாந்து கூரையைப் பார்த்தார், ஒழுகின கறை இருக்கிறதா என்று. எல்லாக் குழாயையும் திறந்து மூடினார். ரெண்டே நாளில் ஆள் பிடித்துவிடலாம் என்றார். என்னவோ நான் தப்பி ஓடியவள் மாதிரி.

ஏற்பாடெல்லாம் மகனுடையது. அடுத்த மாதத்திலிருந்து என் வீடு வாடகைக்கு, நான் அவன் வீட்டுக்கு. அங்கே ஏற்கெனவே சம்பந்தியம்மா இருக்கிறார், மருமகளின் அம்மா. அவர் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டுவிடுவார்களாம். ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத் துணையாம். அந்த அம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

எனக்குப் போக விருப்பமில்லை. இங்கே எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது! அவனிடம் சொல்லப் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. போன வருஷம் அவன் அப்பா போனதிலிருந்து அவன் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. விளிம்பில் வைத்த கண்ணாடி டம்ளரைப் பார்க்கிற பார்வை.

எனவே வழக்கம்போல உண்மைக்குப் பதிலாக ஒரு பொய் சொன்னேன். வீடு மாறுவதற்கு முன்னால் கடலோரமாக ஒரு நடைப்பயணம் போய்வருகிறேன், ரிட்டயரான பெண்கள் எட்டுப் பேர், கூட ஒரு டூர் மேனேஜர் என்று. மேனேஜர் என்றதும் சம்மதித்துவிட்டான். எட்டுப் பேரும் இல்லை, மேனேஜரும் இல்லை. நான் ஒருத்திதான்.

ஜூலை 5, சனி

மகன் வீட்டில் சாப்பாடு. யார் யார் வருகிறார்கள் என்று மருமகள் கேட்டாள். ஒரு டீச்சர், பேங்கில் வேலை பார்த்த அக்கா தங்கை இரண்டு பேர் என்று ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "டாக்டர் வர்றார்" என்று மொட்டையாகச் சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். "டாக்டர் லிஃப்ட்ல ஏறிட்டார்" என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். டாக்டர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அறையில் எனக்குத் துணை டீச்சர் என்றேன். நல்ல மனுஷி, கொஞ்சம் குறட்டை விடுவார் என்றும் சேர்த்தேன். குறட்டைதான் லிஃப்ட்.

சம்பந்தியம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புல்மேடு, நடுவில் கல் கல்லாக ஒற்றையடிப் பாதை. பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் போனால் போதும். முதுகுப் பை முதல் மைல் வரை குழந்தை, அப்புறம் மாமியார்.

வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். "பார்த்துப் போ" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அந்தச் சேற்றிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது.

ஜூலை 9, புதன்

நனைந்தேன். காய்ந்தேன். மறுபடி நனைந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

இந்த ஊரில் சூடாக இருக்கிற ஒரே இடம் துணி வெளுக்கும் கடை. நடந்து வருகிற அத்தனை பேரும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். துணி மெஷினில் சுற்றும்வரை கடைக்காரர் கொடுக்கிற துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தபின் யாரும் யாரிடமும் பெரிய மனுஷத்தனம் காட்ட முடியாது.

எனக்குப் பக்கத்தில் ஒரு இளம் ஜோடி. கல்யாணமாகி மூன்று மாதம். வரைபடம் யார் கையில் இருக்கவேண்டும் என்று அரை மணி நேரம் சண்டை. பாதைதான் ஒன்றே ஒன்று ஆயிற்றே, அதற்கு எதற்கு வரைபடம் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள். இவர்களுக்குச் சண்டைக்கோழிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அப்போது பார்த்து மகனின் செய்தி. குழு ஃபோட்டோ எங்கே?

விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாங்கக்கா, மழைக்கோட்டைப் போட்டுட்டு வாசல்ல நில்லுங்க. தலையை மூடிட்டா ஆணென்ன பெண்ணென்ன" என்று அவரே படம் எடுத்துக் கொடுத்தார். நானும் சண்டைக்கோழிகளும். அனுப்பினேன். உடனே பதில்: எட்டுப் பேர் சொன்னே, மூணு பேர்தான் இருக்கீங்க?

டீச்சருக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது, அறையில் படுத்திருக்கிறார், மற்றவர்கள் கூட இருக்கிறார்கள் என்று தட்டினேன். கை தானாகத் தட்டியது. என்ன அழகான பொய், ஒரே கல்லில் ஐந்து மாங்காய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அனுப்பியபின்தான் உறைத்தது. என் மகன் பிசியோதெரபிஸ்ட்.

ஜூலை 11, வெள்ளி

எந்தக் கால்? உள்பக்கமா வெளிப்பக்கமா? வீக்கம் எந்த அளவு? ஊன்ற முடிகிறதா? விழுந்தபோது சத்தம் கேட்டதா? சுளுக்கினது டீச்சருக்கு, வேர்த்தது எனக்கு.

இடது கால் என்றேன், வெளிப்பக்கம் என்றேன். கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, படத்தோடு அனுப்பியிருக்கிறான்.

பாதையில் மண் சரிந்திருந்ததால் அடுத்த ஊர்வரை வெளுப்புக்கடைக்காரரின் வேனில் போனோம். கரையோரம் இருக்கிற விடுதிகளுக்கெல்லாம் படுக்கைவிரிப்பு வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். நானும் சண்டைக்கோழிகளும் விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனோம். டீச்சர் உடற்பயிற்சி செய்யவேண்டுமா ஓய்வெடுக்க வேண்டுமா என்று கோழிகளுக்குள் சண்டை. பெண் கோழிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்களை இப்படித் தனியா படுக்கப் போட்டுட்டு நாம ஊர் சுத்தறோமே ஆன்ட்டி" என்றாள். டீச்சர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மகன் ஃபோன் செய்து டீச்சரிடம் கொடு என்றான். தூங்குகிறார் என்றேன், எழுந்ததும் பேசச் சொல் என்றான். அரை மணியில் மறுபடி கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில் யாராவது கத்தினால் "சூப்பர்வைசர்கிட்ட கொடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு நானே கட்டைக் குரலில் சூப்பர்வைசராகப் பேசுவது உண்டு. அதே குரலை எடுத்தேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவைத்தேன்.

கால் பற்றிக் கேட்டான். சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான். இல்லை என்றேன்.

"எங்கம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க டீச்சர். அப்பா போனப்ப எங்க முன்னாடி ஒரு சொட்டு அழல. எங்களுக்குத்தான் தேறுதல் சொல்லிட்டிருந்தாங்க. தனியா அந்த வீட்ல என்ன பண்றாங்களோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரதில்ல. வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாங்க."

கட்டைக் குரலில், "உங்கம்மா நல்லா நடக்கறாங்க தம்பி" என்றேன். அதுமட்டும்தான் வந்தது. வைத்துவிட்டேன்.

அழுதேன். டீச்சராக இல்லை. பாவி, எவ்வளவு நாளா இதை மனசுல வச்சிருந்தான்? என்கிட்ட கேட்டிருக்கலாமே? கேட்டா மட்டும் நான் சொல்லிக் கிழிச்சிருப்பேனா - டாக்டர் லிஃப்ட்ல ஏறிட்டார்னு சொல்லியிருப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

விடுதிக்கு விரிப்பு கொண்டுவந்த வெளுப்புக்கடைக்காரர் என் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வீட்டு விஷயம் உட்பட. அவர் ஒரு விரிப்பின் இரண்டு முனையை என் கையில் கொடுத்து மடிக்கவைத்தார். பாதி மடித்தபின் சொன்னார்: "இல்லாத டீச்சருக்கு எந்தக் காலு, எந்தப் பக்கம்னு சொல்லத் தெரியுது உங்களுக்கு. 'நான் வரலப்பா'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியல. என்ன திறமைக்கா இது?"

கோபம் வந்தது. விரிப்பை அவர் மேலேயே போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் போய் மறுபடி மடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

மகன் புதன்கிழமை வருகிறானாம். இத்தனை நாளாகியும் டீச்சர் குரலில் வலி தெரிகிறதாம், எலும்பு விரிசலாக இருக்கலாமாம், நேரில் பார்க்காவிட்டால் மனசு கேட்காதாம். பார்த்துவிட்டு என்னையும் கையோடு கூட்டிப்போவானாம். வாடகைக்கு ஆள் அமைந்துவிட்டதாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மற்றவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். வேனில் எல்லோரும் துணி வெளுக்கும் கடை இருக்கிற ஊருக்கே திரும்பிவிட்டோம். வெளுப்புக்கடைக்காரர் டூர் மேனேஜர், அதற்கென்று சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டார். சண்டைக்கோழிகள் பேங்க் அக்கா தங்கை. ஆண் கோழி தங்கை. மீதிப் பேர் படகில் தீவு பார்க்கப் போய்விட்டார்கள். டீச்சருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து ரொட்டிக்கடைக்காரி ஒத்துக்கொண்டாள். என் வயதுதான். பிரச்சினை என்னவென்றால் அவளுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது, டீச்சருக்கோ தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஒத்திகை. ரொட்டிக்கடைக்காரி வலது காலை நொண்டினாள். இடது என்று நான்கு தடவை சொல்லியாயிற்று.

ஜூலை 16, புதன்

எல்லாம் முடிந்தது. விவரமாக எழுதவேண்டும்.

மகன் மதியம் வந்து இறங்கினான், கையில் பெரிய பை, கட்டுத் துணி, ஐஸ் பொட்டலம் என்று. மேனேஜர் வரவேற்று, சாருக்கு டீயா காபியா என்று மூன்று தடவை கேட்டார். பேங்க் அக்கா வணக்கம் சொன்னாள். தங்கை மழைக்கோட்டுத் தலையை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷினுக்குள் சுற்றுகிற துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டிக்கடைக்காரி பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, உதட்டை இறுக்கி மூடி, பேசாமல் இருக்கும் கஷ்டத்தில் முகமே சிவந்திருந்தாள். ரொம்ப வலி போலிருக்கு என்றான் மகன்.

"உங்க குழுவுல யாருமே பேச மாட்டேங்கறாங்களேம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். அதற்காகத்தான் சேர்ந்தேன் என்றேன்.

நல்லவேளை, இவன் முகங்களைப் பார்ப்பதே இல்லை. இவனுக்கு மனிதர்கள் என்றால் மூட்டுகள். நேராகத் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கணுக்காலைத் திருப்பினான், அழுத்தினான், தட்டினான். சுளுக்கு வந்த சுவடே தெரியவில்லை, இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று பூரித்துப்போனான். எனக்கு மூச்சு திரும்பி வந்தது.

ஆனால் காலைக் கீழே விடவில்லை. கை மேலே ஏறி முழங்காலில் நின்றது. இது எத்தனை வருஷமாக வலிக்கிறது என்று கேட்டான்.

ரொட்டிக்கடைக்காரி என்னைப் பார்த்தாள். இது ஒத்திகையில் இல்லை. விடியலில் எழுந்து அடுப்பு முன்னால் நின்றே காலம் கழித்தவள், அவள் முழங்காலைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது. அவள் தலையை ஆட்டினாள், இல்லை ஒன்றுமில்லை என்பதுபோல. மகன் அந்தக் காலைப் பிடித்தபடியே சொன்னான், அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை:

"வலிக்கற இடத்தை நீங்க சொன்னாத்தான் டீச்சர் எனக்குத் தெரியும். நீங்க சொல்லாம இருந்தா நான் எல்லா இடத்தையும் அழுத்திக்கிட்டே இருப்பேன். தப்பான இடத்தையும் அழுத்துவேன்."

அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். இங்கே. அப்புறம் இங்கே. அவன் கட்டைவிரலை வைத்து மெதுவாக நீவ ஆரம்பித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவன் குனிந்த தலையைப் பார்த்தபடி, "எனக்கு உன் வீட்டுக்கு வர விருப்பமில்லப்பா" என்றேன்.

அவன் கை நின்றது. நிமிரவில்லை. "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீ அழுத்தினது தப்பான இடம்னு இப்பத்தான் சொல்லத் தெரிஞ்சுது."

தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்டான். அழுவேன் என்றேன். இதையும் அவனிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். "அழுதுட்டு டீ போட்டுக் குடிப்பேன். நீ பக்கத்துல இருந்தா அழக்கூட முடியலடா. உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு உன்னையே பார்த்துட்டு இருப்பேன். ஞாயித்துக்கிழமை வா, சேர்ந்து அழலாம்."

ஆண் கோழி மழைக்கோட்டுக்குள் மூக்கை உறிஞ்சினான். அவன் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நாங்கள் கிளம்பும்வரை அவர்கள் சண்டை போடவில்லை.

மகன் அவள் காலை மடியில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டான். அப்புறம் ரொட்டிக்கடைக்காரியை நிமிர்ந்து பார்த்து, "எல்லாத்தையும் அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்றான். பாவம் அவளுக்கு என்ன தெரியும், பெரிதாகத் தலையாட்டினாள். அவன் சிரித்துவிட்டான். கண் நிறைந்திருந்தது. தரகரிடம் தானே பேசிவிடுவதாகச் சொன்னான். பிறகு மீதி முழங்காலையும் நீவி முடித்தான்.

கிளம்பும்போதுதான் வம்பு வந்தது. மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு நல்ல குழுவைப் பார்த்ததில்லை, அடுத்த பயணத்தில் என் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான். இஸ்திரி போட்ட சட்டை அவரைச் சும்மா இருக்க விடவில்லை. "செப்டம்பர்ல ஒண்ணு இருக்கு சார்" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். காலம் கடந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது, அந்தத் தங்கச்சிக்குத் தோள் ரொம்ப அகலம், நீச்சல் பழக்கமா என்று கேட்டான். தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

தரகர் ஃபோன் செய்தார். மகன் சொல்லிவிட்டானாம், ஆனாலும் அருமையான ஆள், ஒரு வார்த்தை யோசித்துப் பாருங்கள் என்றார். இல்லை என்றேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். பழகிவிட்டால் ருசியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மகன் வந்தான். சாப்பிட்டான், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான், கொஞ்ச நேரம் அழுதான். நானும் அழுதேன். பிறகு என் தோளைப் பிடித்துப் பார்த்து, பை தூக்கினது சரியில்லை என்று திட்டிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 6, புதன்

சம்பந்தியம்மா வந்தார். தனியாக, இரண்டு பஸ் மாறி. இந்த வீட்டுக்குத் தனியாக வருவது இதுதான் முதல் தடவை. தண்ணீர் குடித்தார், டீ குடித்தார், என் ஜன்னல்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். செப்டம்பர் பயணத்தை எப்படித் தட்டிக்கழிப்பது என்று நான் மனசுக்குள் ஒரு பொய்யைச் சமைத்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதைப் பழுது, மேனேஜருக்கு மஞ்சள்காமாலை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஃபோட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். பேங்க் தங்கச்சிக்கு தாடி முளைச்சிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். லிஃப்டும் வரவில்லை, குறட்டையும் வரவில்லை.

"யார்கிட்டயும் சொல்லல" என்றார். "மாப்பிள்ளைக்கு மூட்டு தெரியும், எனக்கு மூஞ்சி தெரியும். எத்தனை பேர் நிஜம்?"

நான் மட்டும்தான் என்றேன். தலையை ஆட்டினார், அதைத்தான் எதிர்பார்த்தவர்போல. பிறகு அவர் பேசியது, நான் முதலில் எழுதிய பஸ் டிக்கெட் கணக்கையெல்லாம் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் நல்லவர்கள்தான் எல்லோரும். குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் கதவைத் தட்டுகிற அளவுக்கு நல்லவர்கள். நான் அந்த அறைக்கு வரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, என்னைப் பிடிக்காமல் இல்லை, ஆனால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். இவ்வளவு நாள் என்னிடம் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். எங்களை எப்போதும் பேச்சுத் துணைக்கென்றே உட்காரவைத்தார்கள், அதனால் பேச வரவில்லை என்றார்.

"எனக்கும் குழு வேண்டாம் சம்பந்தியம்மா. ஆனா ஃபோட்டோ வேணும்."

மகளிடம் நேரே சொல்லிப் பாருங்களேன் என்று, புதிதாக மதம் மாறியவளைப்போல உபதேசம் செய்தேன். "சொல்லுவேன். முதல்ல ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்றார்.

அதுவும் சரிதான். எனக்கு மட்டும் எப்படி வந்ததாம்?

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. விடுதியில் ஈரக் காலுறைகளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் வெளுப்புக்கடை வாசலில் படம் எடுத்தோம். சண்டைக்கோழிகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள், வரைபடம் இல்லாமல். ரொட்டிக்கடைக்காரி முழங்காலுக்குப் பயிற்சி செய்துவிட்டுத் தாமதமாக வந்தாள். மேனேஜர் அதே சட்டை. நடுவில் சம்பந்தியம்மா, புதுப் பை, புதுச் செருப்பு அல்ல, நல்ல பூட்ஸ். ஓரத்தில் நான், முகம் தெரியாதபடி தலையை இழுத்து மூடிக்கொண்டு. மகனைப் பொறுத்தவரை நான் வீட்டில் இருக்கிறேன், இருமலாக இருக்கிறது, இந்த ஞாயிறு வரவேண்டாம். நானும் இங்கே இருப்பது தெரிந்தால் எங்களை மறுபடி பேச்சுத் துணையாக்கிவிடுவான்.

படம் போனது. மருமகள் ஆறு இதயம் அனுப்பினாள்.

சம்பந்தியம்மா பையை மாட்டி வார்களை இழுத்துக் கட்டினார். பாதை எனக்குத் தெரியும், வழுக்குகிற இடமெல்லாம் தெரியும், முதல் திருப்பம்வரை கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார்.

தயங்கவில்லை, காரணம் சொல்லவில்லை, என் முகம் எப்படிப் போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு நடந்துபோய்விட்டார். எனக்குச் சுருக்கென்றிருந்தது, பொய் எதற்கு. மழையில் நின்று அவர் திருப்பம் தாண்டும்வரை பார்த்தேன். "பார்த்துப் போங்க" என்பது வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.